தொண்ணூற்றேழு யாருடையது?

அத்தியாயம் 5

வெள்ளத்தாயின் ஸ்கூட்டி அரசு மாற்றுப் பள்ளியின் முன்னால் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த ஆல்வினுக்குப் பள்ளி தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நின்றது.

"கட்டடத்தை விட பேனர் பெருசா இருக்கே, அக்கா. பேனருக்குள்ள வகுப்பு நடத்தலாம் போல."

பேனரில் சால்வை போர்த்திய ஒரு பெண் கூச்சத்தோடு நின்றாள். அவள் கழுத்துக்குக் கீழே கொட்டை எழுத்துகள்: 'தறி நெய்த கை தேர்விலும் வென்றது! சுடலையம்மாள், வயது 35. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலிடம். கணக்கில் 97!'

வெள்ளத்தாய் அதை ஒருமுறை படித்தாள். போலீஸில் தலைமைக் காவலராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். எதையும் ஒருமுறைதான் படிப்பாள். ஆல்வின் அவளுடைய உதவியாளன். முன்பு மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்தான். வாய் பேசியே வாடிக்கையாளர்களை விரட்டிவிட்டான் என்பது ஊரில் உள்ள பேச்சு.

தலைமை ஆசிரியை கனகலட்சுமி இருவரையும் அறைக்குள் அழைத்து, முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"எங்க பிள்ளைக யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஸ்பின்னிங் மில்லுல ஷிப்ட் பார்க்கிறவங்க பாதிப் பேரு. ஆலங்குளம் குவாரியில அப்பா கூட கல்லு ஏத்தினவன் இருக்கான். சுந்தரபாண்டியத்துல இருந்து கைக்குழந்தையோட ஒருத்தி பஸ் ஏறி வர்றா. வயசு கேக்காம சேத்துக்கிடுவோம். எல்லாருமே ஏதாவது ஒரு ஸ்கூல் வேண்டாம்னு தள்ளினவங்கதான். இந்த வருஷம் பத்தாவது எழுதினது இருபத்திரண்டு பேரு. அத்தனை பேரும் பாஸ்!"

"சந்தோசமான விஷயம்தானே?" என்றாள் வெள்ளத்தாய்.

"அதுதான் சிலருக்குப் பொறுக்கல."

கனகலட்சுமி தன் போனை நீட்டினார். திரையில் ஒரு சுவர். சுவரில் கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள்.

'சுடலையம்மாளுக்குப் பாராட்டு விழா நடத்துகிறார்கள். கணக்கில் வாங்கியதாகச் சொல்லும் 97 அவருடையது அல்ல. உண்மை அவருக்கே தெரியும்.'

"ஆள் மாறாட்டம்னு சொல்லுதான் எவனோ," என்றார் கனகலட்சுமி. "போட்டோ கல்வி அலுவலகம் வரைக்கும் போயிருச்சு. நாளைக்குக் காலையில விசாரணை. மோசடின்னு முடிவு கட்டினா இருபத்திரண்டு பேர் ரிசல்ட்டையும் நிறுத்தி வைப்பாங்க. இந்த வருஷம்தான் இங்கேயே ப்ளஸ் ஒன் ஆரம்பிக்கிறோம். சேர ஆள் இல்லேன்னா பள்ளியையே மூடிருவாங்க. ஏற்கெனவே பிள்ளைக எண்ணிக்கை பத்தலன்னு பேச்சு இருக்கு."

"எங்க ஒட்டியிருந்துச்சு?"

"அவ வேலை பார்க்கிற தறிக்கூடத்துல. சைக்கிள் நிறுத்துற சுவர்ல."

"வேற எங்க?"

"வேற எங்கயும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான்."

வெள்ளத்தாயின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. "அந்தம்மா மார்க் விவரத்தைப் பார்க்கலாமா?"

"எல்லாத்தையும் ஆபீசுக்கு அனுப்பியாச்சு." கனகலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குல நல்ல மார்க்கு. ரொம்ப நல்ல மார்க்கு. நீங்க அதை விட்டுட்டு குருசாமியை விசாரிங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல உதவி பெறும் பள்ளி ஹெச்.எம். அவர் தள்ளின பிள்ளைகதான் இங்க வந்து பாஸாகியிருக்கு. என்னைய ஒரு கூட்டத்துல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாரு."

வெளியே வந்ததும் ஆல்வின் சொன்னான்: "கேஸ் முடிஞ்சிருச்சு அக்கா. குற்றவாளி பேரு, ஊரு, பதவி எல்லாம் கிளையண்ட்டே சொல்லிட்டாங்க. நாம டீ குடிச்சிட்டு ஃபீஸ் வாங்கிரலாம்."

"கிளையண்ட் சொல்லாததைக் கவனிச்சியாலே?"

"என்னத்தை?"

"ஏறு வண்டியில."

*

தறிக்கூடத்தில் பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டுமென்றால் காதோடு வாய் வைக்க வேண்டும். ஆனால் அங்கே தறி ஓட்டும் மாரிக்கனிக்கு அந்தச் சிரமம் இல்லை. அவள் குரல் தறியைத் தாண்டி வாசல் வரை வந்தது.

"நோட்டீசை நான்தான் மொதல்ல பார்த்தேன். போட்டோ புடிச்சு குரூப்புல போட்டதும் நான்தான்."

"எதுக்குப் போட்டீங்க?"

மாரிக்கனி கையிலிருந்த நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து வருஷமா எனக்குப் பக்கத்துத் தறியில நின்னவ. இப்ப பேனர்ல நிக்கா. முதலாளி அவளைப் பார்த்தா 'வாங்கம்மா'ங்காரு. என்னைய இன்னும் 'ஏட்டி'ன்னுதான் கூப்பிடுதாரு. போடணும்னு தோணுச்சு, போட்டேன். இம்புட்டு தூரம் போகும்னு தெரியாது."

"உண்மையைச் சொன்னதுக்கு இவங்களுக்கும் ஒரு பேனர் வைக்கலாம்," என்று ஆல்வின் முணுமுணுத்தான்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் சுடலையம்மாளைப் பார்த்தார்கள். பேனரில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள். சேலைத் தலைப்பில் பஞ்சுத் தூசி.

"அந்த நோட்டீஸ் எங்க இருந்துச்சு?"

அவள் சுவரைக் காட்டினாள். அவளுடைய சைக்கிள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, பசை காய்ந்த நான்கு புள்ளிகள்.

"தெனமும் இங்கதான் நிறுத்துவீங்களா?"

"இங்கதான். இது என் எடம்."

"எப்படிப் படிக்க வந்தீங்க?"

"மகளுக்காகத்தான். ஒம்பதாவதோட ஸ்கூல்ல தள்ளிட்டாக, வேற ஸ்கூலுக்கும் போக மாட்டேன்னு உக்காந்துட்டா. நாலு மாசம் வீட்டுக்குள்ளேயே கெடந்தா. இந்தப் பள்ளியில வயசு கேக்க மாட்டாகன்னு சொன்னாக. நானும் கூட வாரேன், வாட்டின்னு இழுத்துட்டுப் போனேன். காலையில பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பொறவு தறி. நான் எட்டாவதோட நின்னவ. கல்யாணம் கட்டி வச்சுட்டாக."

"கணக்குல அம்புட்டு மார்க் எப்படி வந்துச்சு?"

"ஏதோ வந்துச்சு," என்றாள் சுடலையம்மாள். பார்வை சைக்கிள் மணியின் மேல் இருந்தது.

"ஒரு கணக்கு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க." வெள்ளத்தாய் ஆல்வினிடம் கையை நீட்ட, அவன் போனில் தேடி ஒன்றைப் படித்தான். ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் மூன்றில் பத்து. எண் எது?

சுடலையம்மாள் சுவரில் விரலால் ஏதோ எழுதினாள். அழித்தாள். "மூணு. இல்லாட்டி மூணுல ஒண்ணு. ரெண்டும் சரிதான். எந்தப் பக்கம் நின்னு பார்க்கிறோம்கிறதுதான், மகா சொல்லுவா..."

நிறுத்திக்கொண்டாள்.

"நான் பத்தாவதுல இதே கணக்குக்கு விடையா என் ரோல் நம்பரை எழுதினவன்," என்றான் ஆல்வின். "ஆள் மாறாட்டம் எனக்குத்தான் தேவைப்பட்டுச்சு. இந்தம்மாவுக்கு இல்ல."

"மகா எங்க இருக்கா?" என்று கேட்டாள் வெள்ளத்தாய்.

"லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா கடையில நிக்கா. எங்கூட இப்ப சரியாப் பேசுறதில்ல. வயசு அப்படி."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் வெள்ளத்தாயிடம் சொன்னது போல இல்லை. தனக்கே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

*

குருசாமியின் பள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. கோபுரம் அவர் அறை ஜன்னலில் சரியாகப் பாதி தெரிந்தது. மேஜைக் கண்ணாடிக்கு அடியில், பத்திரிகையில் வந்த சுடலையம்மாளின் படம் வெட்டி வைக்கப்பட்டிருந்தது.

"கொஞ்சம் அதிகமாத்தான் ரசிக்காரு," என்று ஆல்வின் வெள்ளத்தாயின் காதில் சொன்னான்.

குருசாமி மறைக்கவில்லை. "பொறாமையான்னுதானே கேக்க வந்திருக்கீங்க? பொறாமைதான். முப்பது வருஷமா வேலை பார்க்கேன். எனக்கு லேப் இருக்கு, மைதானம் இருக்கு, கணக்குக்கு மட்டும் ரெண்டு வாத்தியார் இருக்காங்க. இந்த வருஷம் பதினாலு பேர் ஃபெயில். கனகலட்சுமிக்கு இருக்கிறது ஓடு போட்ட ரெண்டு ரூமு. அதுல தறிக்காரி ஒருத்தி கணக்குல தொண்ணூத்தேழு! என் ஸ்கூல்ல முதல் மார்க்கே தொண்ணூத்தி ரெண்டுதான். தொண்ணூத்தேழு! ராத்திரி கண்ணை மூடினா அந்த நம்பர்தான் வருது."

"அதனால நோட்டீஸ் ஒட்டினீங்க."

"ஒட்டல. எவனோ குரூப்புல அனுப்பினான். வந்ததை நான் கல்வி ஆபீசுக்குத் தள்ளிவிட்டேன். 'உரிய நடவடிக்கை எடுக்கவும்'னு ஒரு வரி சேத்தேன்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அதுல தப்பு இருக்கா? தொண்ணூத்தேழு மார்க்கு தறியில இருந்தா வரும்?"

வெள்ளத்தாய் எழுந்துகொண்டாள். கதவருகே போய்த் திரும்பினாள். "நீங்க அனுப்பிவிட்ட பிள்ளைகள்ல சுடலையம்மாள் மகளும் உண்டா?"

"மகாலட்சுமியா? என் ஸ்கூல்தான். அவளை அனுப்பினதுல எனக்கே கொஞ்சம் வருத்தம் உண்டு. கணக்குல புலி. போர்டுல வாத்தியார் தப்புப் போட்டா எந்திரிச்சுச் சொல்லுவா. ஆனா இங்கிலீஷ் சுத்தமா ஏறாது. பாஸ் பெர்சன்டேஜ் அடிபட்டுரும்னு ஒம்பதாவதுலயே டி.சி. கொடுத்தேன்." பெருமூச்சு விட்டார். "அம்மாக்காரி அவளையே மிஞ்சிட்டா, பாருங்க."

வெளியே வேப்பமர நிழலில் ஸ்கூட்டி நின்றது. வெள்ளத்தாய் சாவியைப் போடாமல் சிரித்தாள்.

"என்னக்கா? அவரை விட்டுட்டு வாறோம், நீங்க சிரிக்கீங்க."

"அவரு ஒட்டலலே. பொறாமையை இப்படி மேஜை மேல பரப்பி வச்சிருக்கிற மனுசன் பேர் போடாம நோட்டீஸ் ஒட்ட மாட்டாரு. தொண்ணூத்தேழை எத்தனை தடவை சொன்னாரு?"

"எண்ணல. தலைவலிக்கிற அளவுக்குச் சொன்னாரு."

"ஊரே சொல்லுது. பேனர் சொல்லுது. மார்க்கைப் பத்திக் கேட்டும் அந்த நம்பரை வாயிலயே எடுக்காதவங்க ரெண்டே பேரு. கனகலட்சுமி 'நல்ல மார்க்கு'ன்னாங்க. சுடலையம்மா 'ஏதோ வந்துச்சு'ன்னாங்க. அதிகமாப் பெருமைப்பட வேண்டியவங்க எதுக்கு நம்பரைச் சொல்லக் கூசணும்?"

ஆல்வின் தலையைச் சொறிந்தான். "அது பொய்யின்னு அவங்களுக்குத் தெரியும். அப்ப ஆள் மாறாட்டம் நிசமா? ஆனா அந்தம்மா கணக்கைப் போட்டுக் காட்டினாங்களே!"

"நோட்டீசைத் திருப்பிப் படி. ஆள் மாறாட்டம்னு அதுல எங்க இருக்கு?"

ஆல்வின் போனை எடுத்துப் படித்தான். இரண்டாம் முறை படித்தபோது உதடு நின்றது. "இல்ல. '97 அவருடையது அல்ல'ன்னு மட்டும்தான் இருக்கு."

"ஆமா. அவருடையது இல்லேன்னா வேற ஒருத்தருடையது. இன்னொண்ணு. வயித்தெரிச்சல்ல நோட்டீஸ் அடிக்கிறவன் 'அவ'ம்பான், 'இவ'ம்பான். இதுல 'அவருடையது', 'அவருக்கே'. திட்டுற இடத்துலயும் மரியாதை குறையல. ஊருக்குச் சொல்லணும்னா பஸ் ஸ்டாண்டுல ஒட்டியிருக்கணும். ஒருத்தங்க சைக்கிளுக்கு நேர் மேல ஒட்டினா, அது அந்த ஒருத்தங்க படிக்கிறதுக்கு."

"அக்கா... கணக்குப் புலி!"

"வண்டியில ஏறு."

*

பால்கோவா கடையில் கூட்டம் இல்லை. பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு பதினாறு வயதுப் பெண் நின்று, நிமிராமல் கேட்டாள். "என்ன வேணும்?"

"தொண்ணூத்தேழு," என்றாள் வெள்ளத்தாய்.

பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. மெதுவாக நிமிர்ந்தாள். தாயின் கண்கள் அப்படியே மகளுக்கு வந்திருந்தன.

கடையின் பின்சந்தில் வைத்து மகாலட்சுமி முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஒட்டினேன்னு யாரு பார்த்தா?" என்றாள். "யாரும் பார்க்கல," என்றாள் வெள்ளத்தாய். "ஆனா உன் மார்க் எத்தனைன்னு யாரும் உன்னைக் கேக்கலேல்ல? நான் கேக்கேன். கணக்குல எத்தனை?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல அழுகை வந்தது.

"தொண்ணூத்தேழு. எனக்குத்தான் தொண்ணூத்தேழு. அம்மாவுக்குத் தொண்ணூத்தொண்ணு." மூக்கை உறிஞ்சினாள். "ரிசல்ட் அன்னிக்கு ரிப்போர்ட்டர் வந்திருந்தாரு. எங்க ரெண்டு பேர் நம்பரும் அடுத்தடுத்த நம்பரு. கனகலட்சுமி டீச்சர் படிக்கும்போது வரி மாறி, கணக்கு மார்க்கை மட்டும் அம்மா பேருக்குச் சொல்லிட்டாங்க. எல்லாரும் கைதட்டினாங்க. அம்மா என்னைப் பார்த்துச்சு. இப்ப சொல்லிரும், இப்ப சொல்லிரும்னு நின்னேன். சால்வை போட்டாங்க. சொல்லல."

"டீச்சர்கிட்ட நீ சொல்லலையா?"

"சொன்னேன். அதுக்குள்ள பேனர் அடிச்சாச்சாம். 'ஒரே வீட்டு மார்க்குதானேம்மா, யார் பேர்ல இருந்தா என்ன'ன்னாங்க. அம்மாவும் அதையேதான் சொல்லுச்சு." அவள் குரல் உயர்ந்தது. "தமிழ்ல அதுதான் கூட. சயின்ஸ்ல அதுதான். இங்கிலீஷ்ல எனக்கு நாப்பத்தொண்ணு, அதுக்கு எழுபத்தி மூணு. மொத்தத்துல அம்மாதான் முதல். நான் வேண்டாம்னா சொன்னேன்? எனக்குன்னு இருந்தது அந்தக் கணக்கு ஒண்ணுதான். அதுக்கு வந்த தொண்ணூத்தொண்ணுலயும் பாதி நான் சொல்லிக் கொடுத்தது. பேப்பர்ல என்ன சொல்லுச்சு தெரியுமா? 'படிப்புல நாட்டமில்லாத மகளுக்காக வந்தேன்'னு. தெனமும் பஸ்ஸுல வரும்போது ஜன்னல் வழியா பார்க்கேன். எம் மார்க்கு அம்மா கழுத்துக்குக் கீழ தொங்குது."

"அம்மா மட்டும் படிக்கணும்னுதான் ஒட்டினேன்," என்றாள் மகாலட்சுமி. "படிச்சிட்டுக் கிழிச்சுப் போட்ரும்னு நினைச்சேன்."

"அதுக்கு முன்னாடி மாரிக்கனி பார்த்துட்டா. குருசாமி கைக்குப் போச்சு. நாளைக்கு விசாரணை. உங்க இருபத்திரண்டு பேர் ரிசல்ட்டும் அதுல மாட்டியிருக்கு."

அவள் முகம் வெளுத்தது. "கைக்குழந்தை வச்சிருக்கிற அக்காவுக்குமா?"

"எல்லாருக்கும்."

"நான் வாரேன். நான்தான் ஒட்டினேன்னு சொல்லிருதேன்."

*

மறுநாள் காலையில் ஓடு வேய்ந்த வகுப்பறையில் விசாரணை தொடங்கியது. அதிகாரி ஆனந்தவல்லி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் குருசாமி, சலவைச் சட்டையில், கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல. ஜன்னல்களில் மாணவர்களின் முகங்கள். மில் ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள் சிலர். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை.

"அந்தாளு உக்காந்திருக்கிற அழகைப் பாருங்கக்கா," என்றான் ஆல்வின். "இலை போடுறது ஒண்ணுதான் பாக்கி."

கனகலட்சுமியிடம் வெள்ளத்தாய் முன்கூட்டியே ஒரு வரி மட்டும் சொல்லியிருந்தாள்: "ஒட்டினது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். நீங்க மறைச்சதையும்." தலைமை ஆசிரியை அன்று கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

ஆனந்தவல்லி நோட்டீஸை உரக்கப் படித்தார். "கணக்கில் வாங்கியதாகச் சொல்லும் 97 அவருடையது அல்ல. இதற்கு யார் பதில் சொல்றீங்க?"

கடைசி பெஞ்சில் மகாலட்சுமி எழுந்தாள். "மேடம், இதை..."

"அது நிசந்தான்."

குரல் முன்பக்கத்திலிருந்து வந்தது. சுடலையம்மாள் எழுந்து நின்றாள். குருசாமியின் முதுகு நிமிர்ந்தது.

"தொண்ணூத்தேழு என்னோடது இல்ல," என்றாள் சுடலையம்மாள். "எனக்கு வந்தது தொண்ணூத்தொண்ணு. தொண்ணூத்தேழு எம் மகளுக்கு. அந்தா நிக்கால்லா, அவளுக்கு."

ஆனந்தவல்லி முன்னால் இருந்த காகிதங்களைப் புரட்டினார். இரண்டு வரிகளின் மேல் விரல் நின்றது. தலையசைத்தார். "இங்கயும் அப்படித்தான் இருக்கு. அப்போ ஆள் மாறாட்டம் எங்க வந்தது?"

"எங்கயும் வரல," என்றாள் வெள்ளத்தாய். "வந்தது ஒரு பேனர் மட்டும்தான், மேடம்."

"நான் வரி மாத்திப் படிச்சிட்டேன்," என்றார் கனகலட்சுமி தாழ்ந்த குரலில். "பொறவு தெரிஞ்சது. தறியில வேலை பார்க்கிற அம்மாவுக்குத் தொண்ணூத்தேழுன்னா பள்ளிக்கூடத்துக்குப் பேரு. அதை விட மனசு வரல. குருசாமி சார் அந்தப் பேனரைப் பார்க்கணும்னும் இருந்துச்சு. பிள்ளை வந்து கேட்டா. அனுப்பி வச்சிட்டேன்."

ஆனந்தவல்லி அவரை விட்டுவிட்டுச் சுடலையம்மாளைப் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணு சின்ன மார்க்கா? மொத்தத்துல நீங்கதான் முதல். அப்புறம் எதுக்கும்மா மகள் மார்க்கு உங்களுக்கு?"

வெள்ளத்தாய் எத்தனையோ வாக்குமூலம் கேட்டவள். திருடியவர்கள் தரையைப் பார்த்துப் பேசுவார்கள். சுடலையம்மாள் மகளை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"ரிசல்ட் வந்ததும் என் மார்க்கைப் பார்த்தேன். தலைகால் புரியல. பொறவு அவ மார்க்கைப் பார்த்தேன். பெத்தவளுக்குச் சந்தோசம்தானே வரணும்? வரல. வயித்துல என்னமோ எரிஞ்சுது. என்னைய எட்டாவதோட நிறுத்தினாக. அழுது பார்த்தேன், விடல. இவளை நான் போ போன்னு கெஞ்சியும் போகல. கடைசி நாலு மாசம் புஸ்தகத்தை ஏனோதானோன்னு புரட்டினா. நான் தறியில நின்னுக்கிட்டே முணுமுணுத்து முணுமுணுத்துப் படிச்சேன். தெரியாததை இவகிட்டதான் கேப்பேன். ஒரே நிமிஷத்துல போட்ருவா. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமா வரும். டீச்சர் மாத்திப் படிச்சதும் எல்லாரும் கைதட்டினாக. செத்த நேரம் அது எனக்கே இருக்கட்டும்னு நினைச்சேன். செத்த நேரம், செத்த நேரம்னு பேனர் வரைக்கும் போயிருச்சு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெத்த பிள்ளை மேல பொறாமையான்னு ஊரு கேக்கும். கேக்கட்டும். ஆமா, பொறாமைதான்."

மகாலட்சுமி நின்றபடியே இருந்தாள். அம்மா பொய் சொன்னாள், ஏமாற்றினாள் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தன்னைப் பார்த்து அம்மாவுக்கு வயிறு எரியும் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவள் முகத்தில் கோபம் இருந்தது. கோபத்துக்கு நடுவே, இதுவரை யாரும் கொடுக்காத ஒரு பாராட்டைக் கேட்டது போன்ற திகைப்பும் இருந்தது.

ஆல்வின் அந்த நேரத்தில் ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை என்பதை வெள்ளத்தாய் கவனித்தாள். அவளுக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

ஆனந்தவல்லி பேனாவை மூடினார். "தேர்வில் மோசடி இல்லை. இருபத்திரண்டு பேர் முடிவும் அப்படியே இருக்கும். கனகலட்சுமி மேடம், பேனருக்கு உங்ககிட்ட எழுத்துல விளக்கம் வேணும். அது மத்தியானத்துக்குள்ள கீழ இறங்கணும்."

ஜன்னல்களில் இரைச்சல் எழுந்தது. குழந்தை வைத்திருந்தவள் குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தாள்.

பேனரை இறக்க ஆல்வினே ஏணியில் ஏறினான். கீழே குருசாமி மகாலட்சுமியை வழிமறித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஸ்கூலுக்கே வந்துரும்மா. ப்ளஸ் ஒன்ல கணக்கு குரூப் சீட் போட்டு வைக்கேன்."

"எனக்கு டி.சி. கொடுத்தப்போ என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா, சார்?"

"அது வந்தும்மா... அப்போ நிலைமை..."

"எனக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

வராந்தாவில் ப்ளஸ் ஒன் விண்ணப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சுடலையம்மாள் ஒன்றை வாங்கி மகளிடம் நீட்டினாள்.

"நீ போட்டுக் கொடு. நான் தறியோட நின்னுக்கிடுதேன். இது போதும் எனக்கு."

மகாலட்சுமி விண்ணப்பத்தை வாங்கினாள். "ஏன், எனக்காக விட்டுக் கொடுத்துட்டேன்னு அடுத்த பேனர் வைக்கிறதுக்கா?"

"ஏட்டி!"

"நீயும் சேரு. மொத்த மார்க்குல நான் உன்னைத் தாண்டணும். நீ நின்னுட்டா நான் யாரைத் தாண்ட?" அவள் குரல் இன்னும் சரியாகவில்லை. "ஆனா எம் பக்கத்துல உக்காராத. டவுட்டும் கேக்காத."

சுடலையம்மாள் போய் இன்னொரு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இங்கிலீஷ்ல நாப்பத்தொண்ணு வாங்கினவ பேசுற பேச்சைப் பாரு," என்றாள்.

"கணக்குல தொண்ணூத்தொண்ணு வாங்கினவங்க சொல்றாங்க," என்றாள் மகள்.

இருவரும் வராந்தாவின் இரண்டு முனைகளில் போய் உட்கார்ந்தார்கள். ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி பார்த்துவிடாதபடி, விண்ணப்பத்தை இடது கையால் மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள்.